மூன்றாவதாகத் திறந்த ஷீட்

பேருந்துப் பணிமனையின் முதல் மாடியில், படிக்கட்டு முடிந்து கழிவறை தொடங்குவதற்கு நடுவே ஓர் அறை இருக்கிறது. பதினாறு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து, நூற்றுப் பதினெட்டு ஓட்டுநர்களில் நாளைக்கு யார் எந்த வண்டியை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானித்துவருபவர் அடுத்து சார். தீர்மானிப்பவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. தீர்மானிப்பது ஒரு மேக்ரோ, அதாவது கம்ப்யூட்டரில் எழுதிவைத்த கட்டளைப் பட்டியல். அவர் அதற்கான விசையை அழுத்துபவர்.

மேக்ரோவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அது இவர் எழுதியதல்ல. இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதிவைத்துவிட்டு, நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். எழுதிய மொழி அப்போதே பழசு. பிறகு புது மேக்ரோ மொழி ஒன்று வந்து அதுவும் பழசாகி, இப்போது அதற்கும் அடுத்தது வந்திருப்பதாகக் கேள்வி. இந்தப் பழைய மொழியில் கட்டளைகளைத் தனியாக எங்கும் எழுதுவதில்லை. ஒரு ஷீட்டின் கட்டங்களிலேயே, மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட வேண்டியதுதான். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும், சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது. அரசு அலுவலகத்துக்குப் பொருத்தமான மொழி.

மேக்ரோ ஓட மூன்று ஷீட் திறந்திருக்க வேண்டும். முதலாவது 'ஓட்டுநர்', இரண்டாவது 'வழித்தடம்', மூன்றாவது 'விடுப்பு'. முதல் ஷீட்டில் ஓர் ஓட்டுநரின் எண்ணை எடுத்துக்கொள்ளும். 'அடுத்து' என்று ஒரு கட்டளை. வழித்தடத்துக்குத் தாவி அவருக்கு என்ன வழி என்று பார்த்துக்கொள்ளும். மறுபடி 'அடுத்து', விடுப்பு ஷீட்டுக்குப் போய், அதே வரியில் குறிப்புக் கட்டத்தில் இருப்பதை வாரிக்கொள்ளும். விடுப்பு என்று எழுதியிருந்தால் மாற்று ஆளைப் போடும். இன்னொரு 'அடுத்து'; சுற்றிக்கொண்டு முதல் ஷீட்டுக்கே வந்து, வாரியதையெல்லாம் அங்கே கொட்டும். இப்படி நூற்றுப் பதினெட்டுத் தடவை. திரையில் ஷீட்டுகள் மாறி மாறிப் படபடக்கும்போது பார்த்தால், யாரோ அவசரமாக ஆதார் கார்டு தேடுவது போலிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மேக்ரோ எந்த ஷீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. அடுத்து என்றால் அடுத்து. அடுத்ததாக இருப்பது யார், எவர் என்பது அதன் கவலை இல்லை. எனவே மூன்றையும் வரிசை மாறாமல் திறக்க வேண்டும், நாலாவது ஒன்று குறுக்கே வரக் கூடாது. மானிட்டரின் தலையில் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்: 'வேறு ஷீட் திறக்கக் கூடாது. அடுத்து தவறிவிடும்.' அதிலிருந்துதான் பெயர் வந்தது. ஓட்டுநர்கள் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரில் சொன்னார்கள். பிறகு அவருடைய உண்மையான பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வந்து போகும் பொருளாகிவிட்டது.

வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, சமையல் மேடை, இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், மற்றதில் துவைத்த துணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "பார்ப்போம்" என்றார். கேட்டவர்கள் பதினைந்து வருடம் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வாள். இடது முழங்கால் பற்றி இரண்டு நிமிடம், வலது முழங்கால் பற்றி இரண்டு நிமிடம். "உனக்கென்னடா, தனிக்கட்டை, நிம்மதியா இருக்க" என்று முடிப்பாள். அதற்கு அவர் ஆமாம் என்பார். முழங்கால் வலிக்கிறவளிடம் போய் வேறு என்ன சொல்வது.

மனிதர் ஒரு ரகசியம் வைத்திருந்தார். சில பேருடைய ரகசியம் வெளியே வந்தால் கூடவே கொஞ்சம் புகழும் வரும். இது அந்த வகை அல்ல. இது வெளியே வந்தால் மறுநாள் எப்படிப் படியேறி வருவது என்று யோசிக்க வைக்கிற வகை. அது ஒரு ஷீட். 'பழைய விடுப்பு' என்று பெயர் கொடுத்திருந்தார், யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பதற்காக. விடுப்பு ஷீட்டைப் பிரதி எடுத்துத் தயாரித்ததுதான். அதே நூற்றுப் பதினெட்டு வரி, அதே கட்டம். குறிப்பு என்ற இடத்தில் மட்டும், அந்த ஓட்டுநர் தன்னிடம் கடைசியாக என்ன பேசினார் என்று எழுதிவந்தார்.

அதற்கு விதிகளும் இருந்தன. டூட்டி, விடுப்பு, வழித்தடம், வண்டி சம்பந்தமான பேச்சு சேராது. அது ஆபீஸ் விஷயம். 'வணக்கம் சார்' ஆரம்பத்தில் அரைப் பேச்சாகக் கருதப்பட்டது. அரைகளைக் கூட்டுவதில் குழப்பம் வந்ததால் பின்னர் ரத்து செய்யப்பட்டது. தணிக்கைத் துறையே வந்து பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாத அளவுக்கு நேர்மையாக இருந்தார். தனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்த்ததில்லை. அதனால்தான் அறுபத்து மூன்று வரிகளில் ஒரே வாக்கியம் இருந்தது: 'ஆபீஸ் விஷயம் தவிர இல்லை.' ஒரு தடவை அடித்து, மீதியைப் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டே முக்கால். மூன்று மணிக்குப் பட்டியல் அச்சாக வேண்டும். ஓட்டுநர் ஷீட்டைத் திறந்தார். 'இந்த மேக்ரோ பழையது, பாதுகாப்பானதல்ல' என்று மஞ்சள் பட்டையில் கம்ப்யூட்டர் வழக்கம்போல் எச்சரித்தது. பரவாயில்லை என்பதை அழுத்தினார். அன்றைக்கு அவரிடம் யாரோ அக்கறையாகச் சொன்ன முதல் வார்த்தை அந்த எச்சரிக்கைதான். வழித்தடம் ஷீட்டைத் திறந்தார். மூன்றாவதைத் திறக்கக் கை போனபோது போன் அடித்தது.

கீழே டெலிபோன் ஆபரேட்டர். பூஜ்யத்தை அழுத்தினால் எடுப்பவர் என்பதால் பணிமனை முழுக்க அவரைப் பூஜ்யம் மேடம் என்றே சொல்லும். மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு பெட்டியில் உட்கார்ந்திருப்பவர். பதினாறு வருடத்தில் அவர் இவரிடம் சொன்னது எல்லாம் 'சார், லைன் தர்றேன்' என்ற ஒன்றுதான். அன்றைக்கு யாருடைய லைனும் இல்லை.

"சார், உங்க ஜன்னல்ல மழை தெரியுதா? இங்க எனக்கு ஒரு ஓட்டைகூட கிடையாது. குடை வேற எடுத்துட்டு வரல."

"தூறுதுங்க."

"பலமாவா?"

அடுத்து சார் எழுந்து நின்று, போன் கயிறு நீளும் வரை போய் ஜன்னலைப் பார்த்தார். "பலமா இல்ல. ஆனா நிக்கிற மாதிரியும் தெரியல."

"சரி சார். இன்னொரு லைன் அடிக்குது, வெச்சிடறேன்."

அவ்வளவுதான். ஆனால் விதிப்படி பார்த்தால் முழுப் பேச்சு. மழை ஆபீஸ் விஷயம் அல்ல. பணிமனையில் அவரிடம் யாரும் ஆபீஸ் விஷயம் தவிர்த்துப் பேசிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும் என்று 'பழைய விடுப்பு' ஷீட்டைத் திறந்தார். திறந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பூஜ்யம் மேடத்துக்கு வரி இல்லை. இருப்பது ஓட்டுநர்களுக்கான ஷீட். நூற்றுப் பத்தொன்பதாவதாக ஒரு வரி சேர்ப்பதா, ஓட்டுநர் அல்லாதவரைச் சேர்க்க விதி இடம் கொடுக்குமா என்று யோசித்தார். அதை அவர் பன்னிரண்டு நிமிடம் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் மணி மூன்றானது. கை பழக்கத்தில் விசையை அழுத்தியது.

மூன்று ஷீட் திறந்திருக்க வேண்டும், மூன்று ஷீட் திறந்திருந்தன. அடுத்து, அடுத்து, அடுத்து. மேக்ரோ கொஞ்சமும் தயங்கவில்லை. அடியில் வரி எண்ணிக்கை நூற்றுப் பதினெட்டு என்று வந்தது. சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை அணைத்தார். பிரிண்டர் கீழே நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்த காகிதத்தைப் படிக்காமல் குத்திவைப்பது பியூனின் வேலை. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுத்து சார் வந்தபோது, விடுப்பில் இருந்த ஆறு பேருடைய வண்டிகள் ஆளில்லாமல் நின்றிருந்தன. ஆறு பேரில் ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தவர். அவருக்குப் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, என்ன பதில் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியாதபடி நோட்டீஸ் போர்டின் முன்னால் கூட்டம். ஒருவர் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

எண் 17: மழை வரும் என்றார். வரும் என்றேன்.

எண் 23: கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவருக்காக இருக்கலாம்.

எண் 58: தும்மினேன். திரும்பிப் பார்த்தார்.

எண் 76: பேரன் பிறந்திருக்கிறான் என்றார். பிறகுதான் தெரிந்தது, காதில் போன் வைத்திருந்தார்.

எண் 90: சட்டை நன்றாக இருக்கிறது என்றார். பழைய சட்டை.

போர்டில் ஒட்டியது எதுவானாலும் அது நிர்வாகத்தின் குறிப்பு என்பது ஓட்டுநர்களின் அனுபவம். ஆகவே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இருபத்து மூன்றாம் எண், தன் வண்டியின் கதவைப் பற்றி ஏற்கெனவே மூன்று தடவை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இதற்குத் தன்னைக் குற்றம் சொல்வது அநியாயம் என்றார். ஐம்பத்தெட்டு, ஓட்டும்போது தான் திரும்பிப் பார்த்ததே இல்லை, எந்தப் பயணி தும்மினாலும் தனக்கு என்ன என்றார். நாற்பத்தொன்றின் குறிப்பில் 'மூன்று மாதமாக ஒன்றுமில்லை' என்றிருந்தது. விபத்து ஒன்றுமில்லை என்று நிர்வாகம் பாராட்டியிருப்பதாக நினைத்து, அவர் அதைப் போனில் படம் எடுத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

ஓட்டுநர் சங்கச் செயலாளர் மட்டும் வாதத்தில் சேரவில்லை. எதையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் சண்டைக்குப் போவது அவர் வழக்கம். ஒன்றிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். 'ஆபீஸ் விஷயம் தவிர இல்லை' இருபதாவது தடவையாக வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னுடைய வரியைத் தேடிப் பார்த்தார். அதிலும் அதுவேதான். திரும்பினார், படிக்கட்டின் கீழே சாப்பாட்டுப் பையோடு அடுத்து சார் நின்றுகொண்டிருந்தார். முன்னால் இருந்தவர் விஷயம் புரிந்து விலகினார், அவருக்குப் பின்னால் இருந்தவர் விலகினார். அலுவலகத்தில் இப்படி வழிவிட்டு அவர் பார்த்ததில்லை. வழிவிடாமல் திட்டியிருந்தால் ஏறுவது சுலபமாக இருந்திருக்கும்.

மேனேஜர் பத்தரைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் மேடம். மேஜைமேல் பட்டியல்.

"இது என்ன சார்? 'சிரித்தார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.' எந்த சர்குலர்ல சார் இருக்கு இது?"

"என் சொந்த ஷீட் சார். மாறிப்போச்சு."

மேனேஜர் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். மேனேஜருக்கும் வரி இல்லை. அதற்குமேல் அவர் எதையும் படிக்கவில்லை, குரலையும் இறக்கிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் மேடம் இவருடைய மேக்ரோவைத் திறந்து, அருங்காட்சியகத்தில் குனிந்து பார்ப்பதுபோல் பார்த்தார். "சார், பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு இந்த மொழியிலேயே கட்டளை இருக்கே. அதைப் போட்டிருந்தா இந்த ஷீட்டைத் தொட்டிருக்காது. ஏன் எல்லாத்தையும் அடுத்து அடுத்துன்னே விட்டிருக்கீங்க?"

"தெரியுங்க. பேர்ன்னா மாறிடும். விடுப்பு ஷீட்டுக்கு மாசாமாசம் மாசத்தைச் சேர்த்துப் புதுப் பேரு. அடுத்துன்னு விட்டா யார் வந்தாலும் ஓடும்."

"யார் வந்தாலும் ஓடுது. அதுதான் சார் பிரச்சினை."

வெள்ளிக்கிழமைக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி மாற்ற வேண்டும், நடந்ததற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று முடிவானது. விளக்கம் அரைப் பக்கம் வந்தது. 'மேற்படி நேரத்தில் மழை பற்றிய விசாரணை ஒன்று வந்தமையால்' என்று தொடங்கியது. யார் விசாரித்தது என்று எழுதவில்லை.

அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு அறைக் கதவைத் தட்டி ஒன்றாம் எண் ஓட்டுநர் வந்தார். பட்டியலில் ஒரு திருத்தம் என்றார்.

"எனக்கு 'ஆபீஸ் விஷயம் தவிர இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. போன வருஷம் உங்க குடையை நான்தான சார் எடுத்துக் குடுத்தேன்."

"குடுத்தீங்க. என்ன பேசினீங்க?"

ஒன்றாம் எண் யோசித்தார். "குடைன்னு சொன்னேன்."

"சரி" என்று அடுத்து சார் குறித்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நான்காம் எண். பிறகு ஐந்து. வெளியே படிக்கட்டு வரை வரிசை நின்றது. பழக்கம் விடாமல் "அடுத்து" என்றார், அடுத்தவர் வந்தார். தான் ஒருமுறை நாய்க்குட்டி பற்றிப் பேசியதாக ஒருவர் வாதாடினார். அது மெக்கானிக்கிடம் பேசியது என்று இவர் தேதியோடு சொன்னதும் ஒப்புக்கொண்டார். நாற்பத்தொன்று, மாமியார் வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுபத்தாறு பேரனின் படத்தையே காட்டினார். அவனுக்கு இப்போது இரண்டு பல். தொண்ணூறு, சட்டை உண்மையாகவே நன்றாக இருந்தது, பழசு என்று எழுதியிருப்பதை எடுக்க வேண்டும் என்றார். மூன்று மணிக்குள் நாற்பத்து நான்கு பேர் வந்து போனார்கள். அந்த அறையின் வரலாற்றில் அவ்வளவு பேர் வந்ததில்லை.

கும்பலாக வந்திருந்தால், தாங்களாகவே வந்தார்கள் என்று அவரும் நம்பியிருப்பார். அவர்கள் எண் வரிசைப்படி வந்தார்கள். வண்டியில் இருந்தவர்களின் எண் மட்டும் விட்டுப்போயிருந்தது. வரிசை என்றால் என்ன என்று பதினாறு வருடமாகத் தெரிந்தவரிடம் வரிசையாக அனுப்பினால் தெரியாதா? கீழே சங்கச் செயலாளர் பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல மனதோடுதான் செய்தார். டூட்டி மாதிரியே செய்தார்.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. இரண்டு பேர் விடுப்புக் கடிதம் கொடுத்தார்கள். இருவருமே தேவைக்கு அதிகமாக ஒரு நொடி நின்றார்கள், மழையைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று ஜன்னலைப் பார்த்தார்கள், வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் மேக்ரோவை மாற்றினார். 'அடுத்து' இருந்த இடத்திலெல்லாம் ஷீட்டின் பெயர். மூன்றே இடம்தான்; பத்து நிமிட வேலை. மூன்று மணிக்குப் பட்டியல் சரியாக வந்தது. மானிட்டர் தலையிலிருந்த அட்டையைக் கிழித்தெடுத்தார். இனிமேல் எத்தனை ஷீட் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். அதனால் பட்டப்பகலில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டே 'பழைய விடுப்பு' ஷீட்டைத் திறந்தார். ஊரே படித்ததற்குப் பிறகு ஒளித்து என்ன ஆகப்போகிறது.

ஷீட்டின் ஓரத்தில், எந்த நாளில் எத்தனை பேச்சு என்று ஒரு கணக்கும் உண்டு; அதில் புதன்கிழமையை முடிக்க வேண்டியிருந்தது. நாற்பத்து நான்கு பேர், அவ்வளவு பேச்சு. குடை, பேரன், சட்டை. அவற்றை நிரப்பக் கை துடித்தது. ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வந்ததன் காரணத்தை அவர்களே சொல்லியிருந்தார்கள்: பட்டியலில் திருத்தம். பட்டியல் ஆபீஸ் விஷயம். விதி அவர் எழுதியது. தனக்கென்று வரும்போது தளர்த்தினால் அது விதியா? ஒன்றாம் எண்ணின் குடையைக்கூட அழித்தார். புதன்கிழமைக்கு எதிரே பூஜ்யம் என்று போட்டார்.

பூஜ்யம் என்று போட்டதும்தான், செவ்வாய்க்கிழமைப் பேச்சு இன்னும் ஏறவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த வாரத்தில் தேறியதே அது ஒன்றுதான். விதி இடம் கொடுக்கிறதா என்று இந்த முறை யோசிக்கவில்லை. நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். எண் கட்டத்தை விட்டுவிட்டார். அவருக்கு ஓட்டுநர் எண் கிடையாது. பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோது விரல் நின்றது. பதினாறு வருடம் தினமும் குரல் கேட்ட மனுஷி. பெயர் தெரியவில்லை.

யாரிடமாவது கேட்கலாம். சம்பளப் பிரிவில் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள், அரை மணி நேரத்தில் பணிமனை முழுக்கவும் சொல்லிவிடுவார்கள். போனை எடுத்தார். கீழே வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி எடுத்தார். எண் ஒன்றுதான், பூஜ்யம். தப்பாக அழுத்திவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

"சொல்லுங்க சார், யாருக்கு லைன் வேணும்?"

"லைன் வேண்டாங்க." தொண்டையைச் செருமினார். "உங்க பேரு என்னங்க?"

வைத்துவிட்டாரோ என்று காதை அழுத்திக் கேட்டார். ஜன்னல் இல்லாத அறையின் மின்விசிறி ஓடுவது கேட்டது.

"என் பேரா? எதுக்கு சார், போர்டுல என் பேர் இல்லையேன்னு அன்னிக்கு நானே பார்த்தேன். இப்ப எதாவது ஆபீஸ் விஷயமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் உடனே பெயர் கிடைத்திருக்கும், கட்டமும் நிரம்பியிருக்கும், விதிப்படி அந்த வரியும் செல்லாமல் போயிருக்கும்.

"இல்லைங்க" என்றார்.

"ஓ" என்றார் அவர். பின்னால் மணி அடிக்கத் தொடங்கியது, கூடவே இன்னொன்றும். மாலை வண்டிகள் கிளம்பும் நேரம். "சார், ரெண்டு லைன் அடிக்குது. வெச்சிடாதீங்க, லைன்ல இருங்க. வந்து சொல்றேன்."

காத்திருப்பவர்களுக்காகப் பணிமனை வைத்திருக்கும் இசை தொடங்கியது. வருடக்கணக்கில் தேய்ந்து, நடுவில் விக்கி விக்கிப் பாடும் இசை. அடுத்து சார் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் நூற்றுப் பத்தொன்பதாவது வரியில், பெயர் என்ற கட்டத்துக்குள் கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. கீழே வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஐந்து மணிக்குப் பியூன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினார், ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல்.